விண்டோஸ் ஓபன் ஆயிடுச்சே, அப்புறம் என்ன?

உங்க கம்ப்யூட்டர் ஆன் ஆகுது. விண்டோஸ் வருது. கேம் ஓடுது. அப்போ உள்ள இருக்கிற ராம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தமா? போன வருஷம் ஜூன் மாசத்துக்கு முன்னாடி யாராவது இதைக் கேட்டிருந்தா, "இதெல்லாம் ஒரு கேள்வியா மச்சி" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு மன்னிப்பு. நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு வீட்டில் பேசுற மொழி, பரீட்சைக்கு மட்டும் எழுதின மொழி. அதனால பேசுற மாதிரியேதான் இது போகும். ராமுக்கு 'நினைவகம்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ தலைவருக்கு மணிமண்டபம் கட்டின மாதிரி இருந்தது. அடிச்சிட்டு ராம்னே போட்டுட்டேன்.

எங்க வீடு கும்மிடிப்பூண்டி. சென்ட்ரலில் இருந்து வடக்கே வர்ற லோக்கல் ட்ரெயின் பாதிக்கு மேல இங்கயே நின்னு திரும்பிடும், அதுக்கப்புறம் கொஞ்ச தூரத்தில் ஆந்திரா. அப்பா சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லில், லேப்ல வேலை பாக்குறார். கட்டடத்துக்குப் போற கம்பியை ஒரு துண்டு வெட்டி மெஷின்ல மாட்டி, அறுந்து போற வரைக்கும் இழுத்து, எந்த லோடுல நீள ஆரம்பிச்சது, எந்த லோடுல அறுந்ததுன்னு ரெஜிஸ்டர்ல எழுதணும். இருபது வருஷமா இதே வேலை. சின்ன வயசுல 'எங்கப்பா இரும்பை ஒடைப்பார்' என்று கிளாஸ்ல பெருமையா சொல்லியிருக்கேன்.

மூணாவது வருஷம் ஆரம்பத்துல அப்பா சீட்டு எடுத்த பணத்துல கம்ப்யூட்டர் வாங்கினோம். ப்ராஜெக்டுக்குன்னு சொல்லி வாங்கினது, பாதி கேமுக்குத்தான். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு நாள் அலைஞ்சு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரைசன் 5 3600 ப்ராசஸர், அதுக்கு ஏத்த பி450 மதர்போர்டு, புதுசா 8 ஜிபி ராம் ரெண்டு. ராம் பெட்டியில் 3200 என்று பெருசா போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டி ஆன் பண்ணினா 2400ன்னு காட்டுது. ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சு கடைக்காரருக்கு போன் பண்ணிட்டேன். அவர் சிரிச்சார். "பயோஸ்ல போய் எக்ஸ்எம்பி ஆன் பண்ணுப்பா."

பெட்டியில் போட்டிருக்கிற வேகம் தானா வராது, நாமதான் ஆன் பண்ணணும். என்னோட ராமுக்கு 2400ல 1.2 வோல்ட் போதும், எக்ஸ்எம்பி போட்டா 1.35 வோல்ட். 3200 கிடைச்சதும் மனசு அதோட நிக்குமா? யூடியூப்ல எல்லாரும் இந்த ப்ராசஸருக்கு 3600தான் சரியான அளவுன்னு சொன்னாங்க. ஏஎம்டி இந்த ப்ராசஸருக்கு அதிகாரபூர்வமா சொன்ன அளவு 3200தான் என்று அந்த வீடியோ எதுலயும் யாரும் அழுத்திச் சொல்லலை. நானும் தேடலை.

டிசம்பர் முழுக்க அதுதான் பொழப்பு. பயோஸ்ல ஒரு நம்பர் மாத்துறது, சேவ் பண்றது, ஸ்க்ரீன் கருப்பாவே நிக்குறது. ராமோட பேசிப் பாத்து ஒத்துப் போகுதான்னு போர்டு தானே சோதிக்கும். அதுக்குப் பேர் மெமரி ட்ரெயினிங். ரெண்டு மூணு தடவை தோத்தா பழைய செட்டிங்குக்குத் தானா திரும்பணும். என் போர்டு சில நேரம் திரும்பும், சில நேரம் அடம் பிடிக்கும். அப்போ ப்ளக்கை உருவிட்டு, போர்டுல இருக்கிற ரெண்டு சின்ன பின்னை ஸ்க்ரூட்ரைவர் முனையால் தொட்டு எல்லாத்தையும் மறக்க வைக்கணும். அம்மா ஒரு நாள் பாத்துட்டு, "புதுசா வாங்கினத ஏன்டா தெனம் ஆப்பரேஷன் பண்ற"ன்னு கேட்டாங்க.

ஜனவரியில், பொங்கல் லீவுல, 3600 நின்னுடுச்சு. 18ல ஆரம்பிக்கிற டைமிங், 1.4 வோல்ட். அதோட டிஆர்எஃப்சின்னு ஒரு நம்பரையும் ஒரு வீடியோவைப் பாத்து நல்லா குறைச்சு வெச்சேன். அது என்னன்னு அப்போ எனக்குத் தெரியாது. குறைச்சா வேகம்னு மட்டும் தெரியும்.

இதுல நான் ஜெயிச்சது எவ்வளவுன்னு இப்போ கணக்குப் போட்டுப் பாத்தா சிரிப்பா வருது. நீங்களும் போடுங்க. 3200 ராமோட உண்மையான க்ளாக் 1600 மெகாஹெர்ட்ஸ், 16 க்ளாக் காத்திருந்தா 10 நானோசெகண்ட். 3600ன்னா 1800 மெகாஹெர்ட்ஸ், 18 க்ளாக் காத்திருந்தா அதுவும் அதே 10 நானோசெகண்ட்! கேட்ட டேட்டா வந்து சேர ஆரம்பிக்கிற நேரம் ஒரு துளி கூட குறையலை. ஒரு சேனல்ல நொடிக்கு 25.6 ஜிபி போனது 28.8 ஆச்சு, அவ்வளவுதான். கேம்ல ஏழோ எட்டோ ஃப்ரேம்.

டெஸ்ட் பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணினேனே! மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவ்ல போட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு, ஒரு பாஸ் முடிஞ்சு, எரர் பூஜ்ஜியம்னு வந்ததும் போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டேன். '3600 ஸ்டேபிள்' என்று கேப்ஷன் வேற. நாப்பது பேர் ஃபயர் எமோஜி போட்டாங்க. ஒருத்தன் கூட 'எத்தனை பாஸ்'னு கேக்கலை.

மே மாசம் அக்காவுக்கு வளைகாப்பு. எங்க சித்தப்பா பையன் கேமரா கொண்டு வந்து ஆயிரத்துச் சொச்சம் போட்டோ எடுத்தான். அடுத்த நாள் அவனுக்கு வேற ஒரு கல்யாண ஆர்டர், மெமரி கார்டு உடனே வேணும். மத்தியானம் ரெண்டு மணி, மாடியில் என் ரூம், மேல ஷீட்டு. வெளிய நிக்கவே முடியாத வெயில், உள்ள ஃபேன் சுடுகாத்தைத்தான் சுத்தி விட்டுக்கிட்டு இருந்தது. பக்கத்துல கேம் வேற ஓடிட்டு இருக்கு. கார்டை மாட்டி, எல்லாத்தையும் கட் பண்ணி என் எஸ்எஸ்டியில் பேஸ்ட் பண்ணினேன். காப்பி இல்ல, கட். முதல் பத்து போட்டோவைத் திறந்து பாத்தேன், சூப்பர். கார்டைக் கொடுத்துட்டேன்.

ஜூன்ல ஆயா போயிட்டாங்க. தூக்கத்துலயே.

காரியத்துக்கு மாட்ட ஒரு போட்டோ வேணும்னு அப்பா கேட்டார். அக்காவுக்கு ஆயா வளையல் போடுற ஒரு போட்டோ இருந்தது, அன்னைக்கே கேமரா ஸ்க்ரீன்ல எல்லாரும் பாத்து நல்லா இருக்குன்னு சொன்ன போட்டோ. ஆயா சிரிச்சு எடுத்த ஒரே போட்டோ அதுதான்னு நினைக்கிறேன், பல்லு இல்லைன்னு எப்பவும் வாயை மூடிக்குவாங்க. திறந்தேன். மேல கால்வாசி ஒழுங்கா இருந்தது. அக்காவோட நெத்தி, தலையில் பூ, பின்னாடி தோரணம். அதுக்குக் கீழ ஒரு கோடு போட்ட மாதிரி ரோஸ் கலராகி, அப்புறம் கடைசி வரைக்கும் சாம்பல். ஆயா அந்தச் சாம்பலுக்குள்ள இருந்தாங்க.

மொத்தம் 17 போட்டோ அப்படி.

சித்தப்பா பையனோட கார்டுல அதுக்குள்ள ரெண்டு கல்யாணம் எழுதியாச்சு. ஃபோட்டோரெக் போட்டு கார்டைத் துருவினேன், சில போட்டோ வந்தது, இது வரலை. கடைசியில் ஆதார் கார்டுல இருந்த போட்டோவைப் பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டாங்க. ஆதார் போட்டோ எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

நான் முதல்ல கார்டு மேலதான் பழி போட்டேன், கேபிள் மேலயும் போட்டேன். ராத்திரி அப்பா மாடிக்கு வந்தார். திட்டுவார்னு நினைச்சேன். ஸ்டூல்ல உக்காந்து, "நீ ஏதோ வேகம் ஏத்துனியே, அத டெஸ்ட் பண்ணியா?" என்று கேட்டார்.

"பண்ணேன்பா. ஒரு எரர் கூட வரல."

"எப்ப?"

"ஜனவரியில. நைட்டு."

"போட்டோ ஏத்துனது?"

"மே. மத்தியானம்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னார்: "கம்பிய அறுந்து போற வரைக்கும் இழுத்தாத்தான் அது எங்க அறும்னு தெரியும். நடுவுல நிறுத்திட்டா, நீ நிறுத்துன எடம் வரைக்கும் தாங்குச்சுன்னு மட்டும்தான் எழுதலாம். நீ பாஸுன்னு எழுதிட்ட."

எஃப்இ 500ன்னு கம்பியில் போட்டிருந்தா, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் வரைக்கும் நிரந்தரமா நீளாம தாங்கணும். ஐஎஸ் 1786 என்ற ஸ்டாண்டர்டு அப்படித்தான் சொல்லுது. அப்பா 500 வந்ததும் மெஷினை நிறுத்த மாட்டார், அறுக்காம விடமாட்டார். இத்தனை வருஷம் சாப்பாட்டு நேரத்துல இதைக் கேட்டுட்டு, ஒரு நாளும் என் வேலையோட சேத்துப் பாத்ததில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஃபேனை நிறுத்திட்டு, அதே 3600ல மெம்டெஸ்ட் போட்டேன். நாப்பத்தேழாவது நிமிஷம் முதல் சிவப்பு வரி. எதிர்பார்த்த எண் ஒண்ணு, படிச்ச எண் ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே ஒரு பிட் வித்தியாசம். ரெண்டாவது பாஸ்ல இன்னும் நாலு. விண்டோஸ் ஒரு நாள் கூட நீலத் திரை காட்டாத மெஷின் இது.

ஏன்னு இப்பதான் ஒழுங்கா படிச்சேன். ராம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெப்பாசிட்டர்ல இருக்கிற சார்ஜ். ஓட்டைக் குடம் மாதிரி அது ஒழுகிக்கிட்டே இருக்கும். அதனால 64 மில்லிசெகண்டுக்குள்ள எல்லா செல்லையும் ஒரு தடவை படிச்சுத் திரும்ப நிரப்பணும், அதுதான் ரெஃப்ரெஷ். சூடு ஏற ஏற ஒழுகல் ஜாஸ்தி. சிப் 85 டிகிரியைத் தாண்டினா 32 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை நிரப்பணும்னு ஸ்டாண்டர்டுலயே இருக்கு. நான் வீடியோ பாத்துக் குறைச்சேனே டிஆர்எஃப்சி, அது இந்த நிரப்புற வேலைக்குக் கொடுக்கிற நேரம். குழாயடியில் அவசரப்படுத்தினா குடம் முக்கால்தான் ரொம்பும். ஜனவரி ராத்திரியில் முக்கால் குடமே போதும். மே மாசம் ஷீட்டு போட்ட ரூம்ல, கிராஃபிக்ஸ் கார்டு வேற சூட்டை மேல ஊதிக்கிட்டு இருக்கும்போது பத்தலை. அந்த வீடியோ போட்டவர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருந்தார். அதைக் கவனிச்சிருக்கணும்.

ஒரு பிட்டுக்கு ஏன் முக்கால் போட்டோ போகணும்னு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. டெக்ஸ்ட் ஃபைலா இருந்தா ஒரு எழுத்து தப்பா வரும், அவ்வளவுதான். ஜேபெக்ல ஒவ்வொரு துண்டும் வேற வேற நீளத்துல, நடுவுல இடைவெளியே இல்லாம ஒட்டி எழுதியிருக்கும். ஒரு பிட் மாறினா எந்தத் துண்டு எங்க முடியுதுன்னே தெரியாமப் போய், அதுக்கப்புறம் வர்ற எல்லாத்தையும் தப்பாவே படிக்கும்.

பிட் மாறினா சத்தம் வராது, அதுதான் பிரச்சனை. பெல்ஜியத்துல 2003 தேர்தல்ல, ஷார்பேக் என்ற ஊர்ல ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலா விழுந்திருந்தது. அவருக்கு அவ்வளவு ஓட்டு வரவே வாய்ப்பில்லைங்கிற கணக்கு இடிச்சதாலதான் கண்டுபிடிச்சாங்க. 4096ன்னா இரண்டின் 12ஆவது அடுக்கு, அதாவது ஒரே ஒரு பிட். காஸ்மிக் கதிர் பட்டு மாறியிருக்கலாம்னு ஒரு ஊகம், நிரூபணம் கிடையாது. அந்த பிட் அதுக்குக் கீழ எங்கயாவது மாறி நாலு ஓட்டோ எட்டு ஓட்டோ கூடியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? சர்வர்ல போடுற ஈசிசி ராம்ல 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலா வெச்சு ஒரு பிட் தப்பைத் தானே திருத்திக்கும். நாம வாங்குற ராம்ல அது இல்ல. டிடிஆர்5ல இருக்கேன்னு கமெண்ட்ல வராதீங்க. அது சிப்புக்குள்ள நடக்கிற தப்பை மட்டும்தான் பாக்கும், சிப்புல இருந்து ப்ராசஸர் வரைக்கும் போற வழியில் நடக்கிறதைப் பாக்காது.

17 போட்டோவும் ராமாலதான் போச்சுன்னு கோர்ட்டுல நிரூபிக்க முடியுமான்னா, முடியாது. ஆனா ஒண்ணு பண்ணினேன். 4 ஜிபி இருக்கிற ஒரு ஃபோல்டரை, வெயில் நேரத்துல, இருபது தடவை காப்பி பண்ணி, ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் பண்ணிட்டு எஸ்எச்ஏ-256 செக்சம் எடுத்து ஒப்பிட்டேன். 3600ல மூணு காப்பி ஒத்துப் போகலை. 3200ல இருபதும் அச்சு அசல். அது எனக்குப் போதும். அதே மெஷின்ல ஓடின எங்க மினி ப்ராஜெக்ட் ரிசல்ட் எல்லாத்தையும் திரும்ப ஓட்டினேன், பதினோரு நாள் ஆச்சு. டீம்ல ரெண்டு பேர் இன்னும் சரியா பேசலை.

தப்பு ராம்ல இருக்கா, போர்டுலயான்னு ஒரு சந்தேகம் பாக்கி. என் ஃப்ரெண்ட் வீடு திருவள்ளூர், தேரடி பக்கம். மேப்புல பாத்தா கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் நேரா ஒரு கோடு போடலாம். ட்ரெயின்ல போகணும்னா தெற்கே பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய் மாறி, மறுபடி மேற்கே போகணும். ராம் ரெண்டையும் டிஃபன் பாக்ஸ்ல துணி சுத்தி எடுத்துட்டுப் போனேன். அவன் போர்டு அடுத்த தலைமுறை, பி550. அதே 3600, அதே டைமிங், அதே ஜூலை மத்தியானம், அவன் ரூம்லயும் ஏசி கிடையாது. ஆறு மணி நேரம், ஒரு எரர் இல்ல.

அப்போ என் போர்டுதான் குற்றவாளின்னு துள்ளிக் குதிச்சேன். வர்ற வழியில், வியாசர்பாடி தாண்டும்போதுதான் உறைச்சது. போர்டோட சேத்து ப்ராசஸரும் மாறியிருக்கு. ராமோட பேசுற கன்ட்ரோலர் இப்பல்லாம் ப்ராசஸருக்குள்ளதான் இருக்கு. ஒரே நேரத்துல ரெண்டை மாத்திட்டு ஒண்ணு மேல பழி போட்டா அப்பா சிரிப்பார். மறுநாள் அவனுக்கு போன் பண்ணி, "மச்சி, என் ப்ராசஸரை உன் போர்டுல ஒரு நாள் மாட்டிப் பாக்கலாமா"ன்னு கேட்டேன். "போனை வைடா"ன்னான். அதனால அந்தக் கேள்வி அப்படியே நிக்குது.

நீங்க ஓவர்க்ளாக் பண்ணாதீங்கன்னு நான் சொல்லலை. எனக்கு இன்னும் அது பிடிக்கும். ஆனா ராத்திரி ஒரு பாஸ் ஓட்டிட்டு ஸ்டேபிள்னு போடாதீங்க. மெம்டெஸ்டை குறைஞ்சது நாலு பாஸ் ஓட விடுங்க, அதுவும் உங்க ரூம் எப்போ அதிகமா கொதிக்குமோ அப்போ. அதுல பாஸ் ஆனாலும், அது ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், உள்ள சூடு ஏறாது. அதனால விண்டோஸுக்குள்ள டெஸ்ட்மெம்5ஐ ஓட விட்டு, பக்கத்துல கேம் மாதிரி ஏதாவது ஒண்ணைப் போட்டு கேஸைச் சூடாக்குங்க. அப்புறம் ப்ரைம்95. 1996ல இருந்து பெரிய பெரிய பகா எண்களைத் தேடிக்கிட்டு இருக்கிற கிம்ப்ஸ் ப்ராஜெக்டோட சாஃப்ட்வேர் அது. தசமத்துல வர்ற விடை ஒரு முழு எண்ணுக்கு எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு ஒவ்வொரு படியிலும் பாக்கும், 0.4க்கு மேல விலகினா கணக்கு தப்புன்னு கத்திட்டு நின்னுடும். உங்க மெஷின்ல தப்பு நடந்தா வாயைத் திறந்து சொல்ற சில சாஃப்ட்வேர்ல அது ஒண்ணு. ராம் ரெண்டுதான்னா ப்ராசஸர்ல இருந்து ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல மாட்டுங்க. நிறைய போர்டுல அதுதான் சரி, மேனுவல்ல ஒரு தடவை பாத்துக்கோங்க. எரர் வந்தா வோல்டேஜை ஏத்துறதுக்கு முன்னாடி டிஆர்எஃப்சியைத் தளர்த்திப் பாருங்க. ஒழுங்கா டெஸ்ட் பண்ணாத மெஷின்ல எந்த ஃபைலையும் கட் பண்ணிப் பேஸ்ட் பண்ணாதீங்க. காப்பி பண்ணி, செக்சம் பாத்துட்டு, அப்புறம் அழிங்க.

நானும் 3200க்கு இறக்கிட்டு எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணினேன். அஞ்சு மணி நேரத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போச்சு. அம்மா கீழ இருந்து, "நல்லதாப் போச்சு, இப்பவாவது படு"ன்னாங்க. மறுநாள் முதல்ல இருந்து. இந்தத் தடவை மூணு மத்தியானம், ரெண்டு ராத்திரி. அப்பா நடுவுல ஒரு தடவை வந்து ஸ்க்ரீனைப் பாத்துட்டு, "இன்னும் அறுலயா?" என்று கேட்டுட்டுப் போனார்.

இப்பவும் 3200லதான் ஓடுது. அக்கா குழந்தைக்கு ஆறு மாசம் ஆகுது, அவன் போட்டோ எல்லாம் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, செக்சம் லிஸ்டோட இருக்கு. அந்த லிஸ்டுல முதல் வரி ஆயாவோட அந்தக் கால்வாசி போட்டோ. அதை நான் அழிக்கலை.